ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்

போர்ட் பிளேர்
12 அக்டோபர் 1998

பிளேன் பேச்சை விடு, வைஷு. நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். உன் மாமா போன தடவை சொன்னதற்கே அம்மா என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? "வுழுந்தா தண்ணிலதானே வுழணும், அதுக்கு தண்ணி மேலயே போய்க்கிறேன்." ஆக, கப்பல்தான்.

கவனமாகப் படி. நீ புத்தகம் படிக்கிற மாதிரி நடுவில் ஜன்னலைப் பார்க்காமல் படி.

கப்பல் பஸ் மாதிரி இல்லை. மாதத்துக்கு மூன்றோ நாலோ. தேதியை இரண்டு மூன்று வாரம் முன்னால்தான் சொல்வார்கள். சொன்ன தேதியும் காற்று அடித்தால் ஒரு நாள் தள்ளும். அதனால் முதல் நாள் போன் போட்டுக் கேட்டுக்கொள். நவம்பர் பத்தை ஒட்டி ஒரு கப்பல் இருக்கும் என்று உன் மாமாவின் மின்துறை ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். அதை விட்டால், ஒரு கப்பல் பழுதாம், மூன்று வாரம் இடைவெளி. எனக்கு டாக்டர் சொன்ன தேதி டிசம்பர் பத்து. முன்னால்கூட வரலாம் என்கிறார். புரிகிறதா?

டிக்கெட்டில் பகல் பன்னிரண்டு என்று போட்டிருப்பார்கள். அது கப்பலுக்கு. நமக்கு ஒன்பது. ஏழு மணிக்கு ஆட்களை உள்ளே விட ஆரம்பிப்பார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான். கப்பல் கண்ணெதிரே மூன்று மணி நேரம் நிற்கும், ஏற முடியாது. எங்கள் வரிசை வீட்டுக்காரர் ஒருவர் வெற்றிலை வாங்கப் போய் அப்படி நின்றிருக்கிறார். சம்சாரம் மேல்தளத்திலிருந்து கத்திக்கொண்டே போனாளாம்.

டிக்கெட்டை நீ வைத்துக்கொள். அம்மா முந்தானையில் முடிந்துகொண்டால் அது முதல் நாள் வாந்தியோடு போய்விடும். பங்க் வகுப்பு போதும். எலுமிச்சம்பழம், பொரி, ஒரு தடித்த போர்வை. மூன்று நாள். மூன்றாம் நாள் ஹாடோ துறையில் நான் நிற்பேன்.

கடைசியாக ஒன்று. நல்ல நேரம், ராகு காலம், சூலம் எதையும் அம்மாவைப் பார்க்க விடாதே. ஏன் என்று உனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலியோடு நம் வீட்டு வாசலில், ராகு காலம் முடியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது நான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்தது நான். டாக்டர் அதனால் இல்லை என்றார். இருக்கட்டும். அதற்குப் பிறகு நான் ஊருக்கு வரவில்லை, அம்மாவும் கூப்பிடவில்லை. இப்போது நானாகக் கூப்பிடுகிறேன். அது எனக்கு எவ்வளவு என்று உனக்குப் புரிய வேண்டும். நம் வீட்டில் படித்தவள் நீதான்.

பிரதீபா


புதுப்பட்டினம்
27 அக்டோபர் 1998

வாங்கிவிட்டேன், அக்கா. நவம்பர் பத்து, செவ்வாய். பன்னிரண்டு மணி. நமக்கு ஒன்பது.

பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். ஒன்பதுக்குக் கேட். ஏழுக்கு வரிசை. ஆறே முக்காலுக்குப் பாரிமுனை. நாலரைக்குப் புதுப்பட்டினத்தில் முதல் பஸ். நாலுக்கு எல்லப்பன் அண்ணனின் ஆட்டோ. "நாலுன்னா நாலு, தங்கச்சி. வூட்டாண்ட வந்து ஆரன் அடிப்பேன். ஆயா ரெடியா இல்லன்னா மூட்டைய மட்டும் ஏத்திகினு போய்கினே இருப்பேன்" என்றார். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தினமும் அதன் எதிரில் நின்று பார்க்கிறாள்.

ராகு காலம் அன்றைக்குச் சாயங்காலம்தான். நீ சொன்னதால் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் கிழமை.

"செவ்வா கெளமல எவளாவது பொண்ணு வூட்டுக்குப் பொறப்படுவாளா? அதுவும் புள்ளத்தாச்சி கீற வூட்டுக்கு?"

"கப்பல் புறப்படுதே."

"கப்பலுக்கு இன்னா, அதுக்கு ஆத்தாளா அப்பனா."

வழி சொன்னது சாரதாம்பாள் மாமி. பரஸ்தானம். புறப்படும் நாள் சரியில்லை என்றால் நல்ல நாளில் பையை மட்டும் கிளப்பி இன்னொரு வீட்டில் வைத்துவிடுவது. பை புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. அப்புறம் எந்தக் கிழமை போனாலும் தோஷமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் துணிப்பை மாமியின் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்குப் போகிறது. செவ்வாய் விடிகாலை போகிற வழியில் எடுத்துக்கொள்வோம். கோபப்படாதே. நேரம் ஒரு நிமிடம்கூட வீணாகாது.

அம்மா இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். உன் பெயர் மாமியின் மூத்த பெண்ணுடையது. என் பெயர் எதிர் குவார்ட்டர்ஸ் குழந்தையுடையது. இப்போது பரஸ்தானமும். அங்கே நன்றாக இருக்கிறது என்று தோன்றுகிறதையெல்லாம் அம்மா கேட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

இன்னொரு மூட்டை இருக்கிறது. உனக்குப் பால் ஊற பால்சுறாக் கருவாடு, பூண்டு, சுக்கு. அது மாமி வீட்டுக்குப் போக முடியாதே என்றேன். "கருவாட்டுக்கு கெளம இன்னாடி" என்றாள்.

எனக்குப் படிப்பு நடக்கிறது. பிரபாவதி மேடம் என் கட்டுரையை வகுப்பில் வாசித்தார். வாசிக்கும்போது அது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. அந்த யாரோவை எனக்குப் பிடித்திருந்தது.

வைஷாலி


புதுப்பட்டினம்
11 நவம்பர் 1998

அம்மா ஏறவில்லை. நீ இதைப் படிக்கும்போது கப்பல் வந்து, ஆட்கள் இறங்கி, எல்லாம் முடிந்திருக்கும். தந்தி கொடுக்க தபால் ஆபீஸ் வரை போனேன். படிவத்தை வாங்கினேன். வார்த்தைகள் வரவில்லை.

நடந்தது இதுதான். துணிப்பை மாமி வீட்டில் இருந்தது. மாமி திங்கட்கிழமை சாயங்காலம் அவசரமாகச் செங்கல்பட்டில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வீடு பூட்டு. அம்மா பை இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்றாள். பை முன்னால் போயிருக்கிறது, அதை விட்டுவிட்டு நான் போனால் செவ்வாயில் புறப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்றாள். மாமி வந்தபோது ஆறு மணி. பாரிமுனையில் இறங்கியபோதே ஒன்பது. கேட் மூடியிருந்தது.

அம்மாவைத் திட்டாதே. அவள் குணம் உனக்குத் தெரியும்.

அடுத்த கப்பல் டிசம்பர் ஒன்று. டிக்கெட் எடுத்துவிடுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். இன்று காலை வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள்.

வை.


போர்ட் பிளேர்
17 நவம்பர் 1998

மூன்று மணி நேரம் நின்றேன். முதலில் குழந்தையும் கையுமாக இருப்பவர்கள் இறங்கினார்கள். பிறகு கேபின்காரர்கள். பிறகு பங்க் வகுப்பு. பச்சைப் புடவை ஒவ்வொன்றும் அம்மா என்று நினைத்தேன். அம்மாவிடம் பச்சைப் புடவை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் ஆகிறது. பூ விற்கிற ஒருத்தி, "யாரும்மா வரணும்?" என்று கேட்டாள். "எங்கம்மா" என்றேன். கடைசியில் கப்பல் ஆட்கள் துடைப்பம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உன் மாமா தோளைத் தொட்டு, "கப்பல் காலி, வா" என்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உன் கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது.

ஒரு தந்தி. ஒரே ஒரு தந்தி, வைஷு. அத்தனை படித்தவளுக்கு வார்த்தை வரவில்லையா?

பரஸ்தானம் என்று நீ எழுதியபோதே வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். நேரம் வீணாகாது என்று நீ சொன்னதால் எழுதாமல் விட்டேன். இப்போது பூட்டிய வீடு, பை, ஆறு மணி. அன்றைக்கு ராகு காலம், இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அம்மாவுக்கு என் வயிற்றில் இருப்பதைவிடப் பஞ்சாங்கம் பெரிது. அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர் டிக்கெட்டை ரத்து செய். இங்கே பக்கத்து வீட்டு லதா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். பின்பக்கம் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டு.

பிரதீபா

அம்மா, நீ வர வேண்டாம். போன தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை நானே கூப்பிட்டேன். நீ நாள் பார்த்தாய். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன் முகத்தை என்னால் பார்க்க முடியாது. ஆகாமல் நல்லபடியாகப் பிறந்தாலும் இப்போதைக்குப் பார்க்க முடியாது. கருவாட்டை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.


புதுப்பட்டினம்
22 நவம்பர் 1998

படிக்கவில்லை. பொய், படித்தேன். அதில் இல்லாததைப் படித்தேன். தாளைப் பார்த்தபடியே, "உடம்பைப் பார்த்துக்கொள், அடுத்த கப்பலில் வா" என்றேன். அம்மா, "இவ்ளோ எழுத்துக்கு இவ்ளோதானா?" என்றாள்.

அக்கா, வீடு பூட்டியிருக்கவில்லை.

செவ்வாய் விடிகாலை நாலு பத்துக்கு மாமி வாசலில் பையோடு நின்றிருந்தார். பிளாஸ்கில் காபி கொடுத்தார். எல்லப்பன் அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். பஸ் சரியான நேரத்துக்குப் போனது. ஏழு மணிக்கு வரிசையில் நின்றோம். எல்லாம் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தபடியே.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் வருஷம் வகுப்பில் எல்லாரும் ஊர் சொன்னோம். நான் கல்பாக்கம் என்றேன். புதுப்பட்டினம் யாருக்கும் தெரியாது, அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். "ஓ, சயின்டிஸ்ட் வீட்டுப் பொண்ணா?" என்றார் பிரபாவதி மேடம். "அப்பா இல்ல, மேடம். அம்மா கல்பாக்கத்துல வேலை" என்றேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. என்ன வேலை என்ற ஒன்றைத்தான் விட்டேன். பெயரும் உதவியது. இரண்டு வருஷமாக நான் அந்த விட்ட சொல்லுக்குள் வசதியாகக் குடியிருந்தேன்.

எட்டு மணி இருக்கும். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபது முப்பது பேர்தான். மேடம் எதிரில் வந்தார். தங்கையை ஏற்றிவிட வந்தவர்.

"வைஷாலி! நீ எங்க இங்க?"

"ஒருத்தங்கள அனுப்ப வந்தேன், மேடம்."

அம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். கருவாட்டு வாசனை. மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள். கும்பிட இரண்டு கையையும் எடுக்கப் போனாள். நான் நடுவில் வந்து நின்றேன்.

"ரிலேட்டிவா?"

"இல்ல, மேடம். எங்க வீட்ல வேலை செய்றவங்க."

எழுதிவிட்டேன். சொன்னபோது வாய் குழறவில்லை. ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகியது போல வந்தது. இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது பொய்யைவிட அந்தச் சரளம்தான்.

"எவ்வளவு நல்ல மனசு உனக்கு. வேலைக்காரங்கள நீயே வந்து ஏத்திவிடறியே" என்றார் மேடம். "வா, ஒரு காபி சாப்பிடலாம்."

போனேன். டிக்கெட் என் கைப்பையில்.

எதிரில் இருந்த கடையில் உட்கார்ந்தோம். மேடம் என் கட்டுரையைப் பற்றிப் பேசினார். எட்டு இருபத்தைந்து. எட்டு நாற்பது. கடிகாரம் மேடத்தின் தலைக்கு மேல் இருந்தது. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்திருக்கலாம். மேடமும் கூட வந்தால்? அம்மா என்னைப் பெயர் சொல்லி, 'கண்ணு' என்று கூப்பிட்டால்? வரிசை நகர நேரமாகும் என்று நினைத்துக்கொண்டேன். ஆகாது என்று தெரிந்தே நினைத்தேன். மேடத்தின் கார் கிளம்பியபோது ஒன்பதுக்கு நாலு நிமிடம். அதற்குப் பிறகும் கார் திரும்பி மறையும்வரை நின்றேன். பிறகுதான் ஓடினேன்.

கேட் மூடியிருந்தது. இந்தப் பக்கம் அம்மா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். காவலாளி என்னைப் பார்த்து, "இன்னாம்மா நீ? ஆயா ஒரு மணி நேரமா பின்னால வர்றவங்களுக்கெல்லாம் வழி வுட்டுகினே நின்னுகினு கீது. டிக்கெட்டு எங்கன்னா பொண்ணு வருது பொண்ணு வருதுன்னுது" என்றார். கப்பல் உள்ளே வெள்ளையாக நின்றது. நாங்கள் பதினொரு மணிவரை அங்கேயே இருந்தோம். ஏன் என்று தெரியாது.

பஸ் திருவான்மியூர் தாண்டியதும் அம்மா மூட்டையை மடியிலிருந்து இறக்கினாள். பிறகு, "பை மாமி வூட்ல மாட்டிகிச்சின்னு எழுதிடு. செவ்வா கெளமன்னு நான்தான் லேட்டு பண்ணேன்னு எழுது. எனுக்கு அதான் வேலன்னு பிரதிக்குத் தெரியும்" என்றாள்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அந்தப் பழி உன்னிடம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். உன் அக்டோபர் கடிதம் மேஜையில் விரித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். எல்லாரும் உடனே நம்பக்கூடிய பொய் நம் வீட்டில் அது ஒன்றுதான். 'அவள் குணம் உனக்குத் தெரியும்' என்ற வரியை மட்டும் அம்மா சொல்லவில்லை. அது என்னுடையது.

பதினெட்டாம் தேதி எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமாவின் ஆபீஸுக்குப் போட்டேன். எடுத்தார். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. கப்பல் டிசம்பர் ஒன்று. முப்பதாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும். அம்மாவை வரவிடு. அவள் உன் பிள்ளைக்கு நாள் பார்க்கவில்லை. கையில் டிக்கெட் இல்லாமல் நின்றாள், அவ்வளவுதான்.

வைஷாலி


போர்ட் பிளேர்
26 நவம்பர் 1998

அனுப்பு.

முதலில் அதை எழுதிவிட்டேன், மற்றதை எழுதும்போது மனசு மாறிவிடக் கூடாது என்று. உன் மாமா ஸ்பீட் போஸ்ட்டில் சேர்க்கக் காத்திருக்கிறார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. இரண்டாம் முறையும். நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன், இரண்டு பேருக்கும் வீண் வேலை.

ஆனால் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர ஆள் இல்லை. இங்கே குடிவந்த புதிதில் லதா கேட்டாள், "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று. "கல்பாக்கத்துல வேலை" என்றேன். அவள் கண்ணை விரித்தாள். நான் மேலே சொல்லவில்லை. நீயும் நானும் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை, பார். அதே இரண்டு வார்த்தை. அம்மா வந்து இறங்கினால் லதாவுக்குத் தெரிந்துவிடும் என்று போன மாதம் ஒரு நாள் நினைத்தேன். ஒரு நாள்தான். ஆனால் நினைத்தேன்.

இன்னொன்று இதைவிட மோசம். அன்றைக்கு வாசலில் அம்மா என்னைத்தான் கேட்டாள், "ராகு காலம் கீது, முடியட்டுமா, இப்பவே போலாமா?" என்று. வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கும் பயம். முடியட்டும் என்று சொன்னது நான். ஆஸ்பத்திரியில் உன் மாமா கேட்டபோது, அம்மாதான் நிறுத்திவைத்தாள் என்றேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மறுக்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

ஆகவே அவளுக்கு நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போடு. படிக்காதே.

இப்போது கேள். ஏழு மணி. ஒன்பது மணி. பஸ்ஸை நம்பாதே, மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்காவது தண்ணீர் நிற்கும். முதல் நாளே போன் போட்டுக் கேள். டிக்கெட்டைக் கையில் பிடி, பையில் வைக்காதே. அம்மா உள்ளே போகும்வரை வரிசையை விட்டு நகராதே, யார் வந்தாலும். ஏறியதும் தந்தி. வார்த்தை வரவில்லை என்று சொல்லாதே. "ஏறினாள்" என்று ஒரு சொல் போதும்.

எனக்கு நேற்றிலிருந்து இடுப்பு வலிக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே. அவள் இறங்கும்வரை தாங்கினால் சரி.

நீ செய்ததை அம்மாவிடம் நீ சொல். எனக்கு எழுதியது போதாது.

பிரதீபா


புதுப்பட்டினம்
2 டிசம்பர் 1998

தந்தி கிடைத்திருக்கும். ஒரு சொல்லுக்கு மேல் நானும் எழுதவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை மதியம்தான் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். சாயங்காலம் அம்மா போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்தேன். நாளைக்கும் செவ்வாய்தானே, பரஸ்தானம் வைக்கவில்லையா என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"போன தபா வெச்சி இன்னா ஆச்சி" என்றாள்.

பிறகு சொன்னேன். உனக்கு எழுதிய வரிசையிலேயே சொன்னேன். மேடம் கேட்டது, நான் சொன்னது. அந்த இடம் வந்தபோது மட்டும் போர்வையைப் பார்த்துச் சொன்னேன். அம்மா மடித்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுகினுதான் இருந்தேன்" என்றாள். "ரெண்டு அடி தள்ளித்தானே நின்னேன். வூட்ல வேல செய்றவங்கன்ன. பொய்யா இன்னா? நம்ம வூட்லயும் நான்தானே வேல செய்றேன். நீயா செய்யற?"

சிரித்தாள், அக்கா. என்னாலும் சிரிக்க முடியும் என்று நினைத்திருக்கிறாள்.

"நீ ஏன் என்னைக் கூப்பிடல? கடை எதிர்லதானே இருந்துது."

"பெரிய எடத்துல பேசிகினு இருந்த. நான் வந்து நின்னா உனுக்கு அசிங்கம். கப்பலு இன்னொண்ணு வரும்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

உன் கடிதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளாகச் சொன்னாள்: "பிரதி வராதன்னு எழுதியிருந்தா. தெரியும். நீ ஒண்ணு படிச்ச, உன் மூஞ்சி வேற ஒண்ண படிச்சிகினு இருந்திச்சி." பிறகு, "இப்ப வரச் சொல்லிட்டாளா, நெசமா?" என்று இரண்டு முறை கேட்டாள். நெசமாக என்றேன். அப்போதுதான் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள்.

செவ்வாய் மழை. திருவான்மியூரில் தண்ணீர். ஏழு இருபதுக்குத்தான் வரிசையில் நின்றோம். டிக்கெட் கையில் நனைந்தது. அதே காவலாளி. "ஆயா உனுக்கு இன்னா ஆவுது?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். "அப்ப அன்னிக்கி எங்க போன?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாதான், "வுடு நைனா, இஸ்கூலு புள்ள, ஏதோ வேல" என்றாள்.

எட்டு பத்துக்கு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டை கனம். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடினார்கள். நான் வெளியே, அவள் உள்ளே. தபால் ஆபீஸுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன்.

அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு நடந்தேன். பிரபாவதி மேடம் அறையில் இருந்தார். அன்றைக்குத் துறைமுகத்தில் நீங்கள் பார்த்தது என் அம்மா, கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறார் என்றேன். ஒரே மூச்சில். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த அம்மா? நீ மட்டும்தானே நின்ன?" என்றார், ரிலேட்டிவா என்று தான் கேட்டதே அவருக்கு நினைவில்லை. பிறகு, "சரி, புராஜெக்ட் முதல் பகுதி எப்ப தர்ற?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன்.

வெள்ளிக்கிழமை அம்மா அங்கே இறங்குவாள். நீ துறைக்கு வர வேண்டாம், மாமாவை அனுப்பு. வலி எப்படி இருக்கிறது என்று எழுது. அதற்குள் பிறந்துவிட்டால் அதையும் எழுது. அம்மா கடலில் இருக்கும்போது பிறந்தால் அது யாரால் என்று எனக்குத் தெரியும், நீ எழுத வேண்டியதில்லை.

இரண்டு மாதம் ஆள் இல்லாமல் முடியாது, வேறு யாரையாவது வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சாரதாம்பாள் மாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்படி வைத்துவிட்டால் அம்மா திரும்பும்போது வேலை இருக்காது. இன்று காலை ஐந்தரை மணிக்கு நான் போனேன். பாத்திரம் தேய்த்தேன். இரண்டு அறையையும் பெருக்கித் துடைத்தேன். ஏழேகால் பஸ்ஸில் வகுப்புக்குப் போனேன்.

வைஷாலி